‘செரண்டிபிட்டி’: ஒரு சொல்லின் வரலாறும் அது மறந்த கதையும்

சொற்கள் நாடு விட்டு நாடு செல்லும்போது தம் பொருளில் ஒரு பகுதியைச் சுமந்து செல்கின்றன; மற்றொரு பகுதியை வழியில் இறக்கி வைத்துவிடுகின்றன. தமிழிலிருந்து சென்ற ‘கட்டுமரம்’ இன்று மேனாடுகளில் இரட்டை உடல் கொண்ட விரைவுப் படகைக் குறிக்கிறது. ‘மிளகுத்தண்ணீர்’ ஆங்கிலேயர் உணவு மேசையில் இறைச்சி சேர்ந்த சாறாகிவிட்டது. இவற்றினும் வியப்பான பயணம் மேற்கொண்ட சொல் ‘செரண்டிபிட்டி’. தேடாதபோது கிடைக்கும் நற்பேற்றைக் குறிக்க ஆங்கிலத்தார் பெரிதும் விரும்பி வழங்கும் சொல் அது. அதன் வேர் ஈழத்தீவின் பழம்பெயர்களுள் ஒன்றில் ஊன்றியிருப்பது தமிழர்க்கு அதனை அயற்சொல் என்று ஒதுக்க இயலாதபடி செய்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் வாழும் இலக்கிய அன்பர்க்கோ அச்சொல்லோடு வேறு இரண்டு உறவுகளும் உண்டு. ஒன்று மாவட்டத்தின் மேற்கே அத்திரம்பாக்கத்து மண்ணில் இருக்கிறது. மற்றொன்று வடகிழக்கே கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. அச்சொல்லின் வரலாற்றையும், அது வழியில் இறக்கி வைத்துவிட்ட பொருளையும் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

தீவின் பெயர்

பாலி மொழியில் ‘சீஹளதீப’ என்றும் வடமொழியில் ‘சிம்ஹளத்வீப’ என்றும் வழங்கிய பெயரே அயலார் நாவில் திரிந்து ‘செரந்தீப்’ ஆயிற்று என்பது மொழிநூலார் பெரும்பாலோர் கொள்கை. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ், ‘செரெந்திவி’ மக்கள் பேரரசர் ஜூலியனுக்குத் தூது அனுப்பியதைக் குறித்துள்ளார். ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கோஸ்மாஸ் என்னும் துறவி அத்தீவைச் ‘சியேலதீபா’ என்கிறார். அரபு வணிகரும் புவிநூலாரும் ‘சரந்தீப்’ என்றனர். ஆதம் முதன்முதல் மண்ணில் இறங்கிய இடம் சரந்தீப்பின் மலையே என்னும் நம்பிக்கை இசுலாமிய உலகெங்கும் பரவியிருந்தமையால், அப்பெயர் வணிகர் வாயினின்று கதைசொல்லிகள் வாய்க்கு எளிதில் மாறியது. 1344 ஆம் ஆண்டில் இபின் பதூதா அம்மலையில் ஏறிக் கண்டதைத் தம் பயண நூலில் விரித்துரைத்தார்.

‘சேரன் தீவு’ என்பதே செரந்தீப் ஆயிற்று என்று தமிழார்வலர் சிலர் உரைப்பதுண்டு. ஒலி ஒப்புமை ஒன்றையே பற்றி நிற்கும் அக்கருத்துக்கு இலக்கியச் சான்றோ கல்வெட்டுச் சான்றோ காட்டப்படவில்லை. தமிழர் அத்தீவுக்கு இட்டு வழங்கிய பெயர் ஈழம் என்பதே. திருப்பரங்குன்றத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் அப்பெயர் உண்டு. பட்டினப்பாலை அங்கிருந்து வந்த உணவுப் பொருளைப் பேசுகிறது. ஈழத்துப் பூதந்தேவனார் பாடிய செய்யுள்கள் சங்கத் தொகைகளில் இடம்பெற்றுள்ளன. ஆகவே அத்தீவு அரபியர்க்குக் கதையின் நிலமாகவும் தமிழர்க்குப் புலவரும் வணிகரும் வந்துபோகும் அண்டை நிலமாகவும் ஒரே காலத்தில் விளங்கியது. ஆங்கிலத்துக்குச் சென்றது முன்னதே.

மூன்று இளவரசர் கதை

1302 ஆம் ஆண்டில் தில்லியில் வாழ்ந்த அமீர் குஸ்ரோ, பாரசீக மொழியில் ‘ஹஷ்த் பிஹிஷ்த்’ என்னும் காவியத்தை இயற்றினார். எட்டுச் சுவர்க்கங்கள் என்பது அத்தலைப்பின் பொருள். செரந்தீப்பின் மூன்று இளவரசர் கதை அதில் இடம்பெறுகிறது. அதனை அடியொற்றிய இத்தாலிய நூல் ஒன்று, கிறிஸ்தோபரோ அர்மேனோ பாரசீகத்திலிருந்து பெயர்த்தது என்னும் குறிப்புடன் 1557 ஆம் ஆண்டில் வெனிசு நகரில் அச்சேறியது. 1719 இல் அது பிரெஞ்சு வடிவம் பெற்றது. 1722 இல் ஆங்கிலத்துக்கு வந்தது. இத்தாலிய நூல் கூறும் கதையின் சுருக்கம் வருமாறு:

செரந்தீப்பின் அரசன் தன் மூன்று மைந்தர்க்கும் எல்லாக் கலைகளையும் கற்பித்தான். கல்வி நிறைந்ததும் அவர்களைச் சோதித்தான். ஏட்டறிவு மட்டும் போதாது, உலகத்தைக் கண்டறிதலும் வேண்டும் என்று எண்ணினான். பொய்ச் சினம் காட்டி மூவரையும் நாடு கடத்தினான். அவர்கள் பெகுராம் மன்னனின் நாட்டை அடைந்தார்கள். வழியில் ஒட்டகத்தைத் தொலைத்த ஒருவன் எதிர்ப்பட்டான். இளவரசர் அவனை நோக்கி, “உன் ஒட்டகத்துக்கு ஒரு கண் இல்லையா? ஒரு பல் இல்லையா? ஒரு கால் நொண்டியா?” என்று வினவினர். அதன் ஒருபுறம் வெண்ணெயும் மறுபுறம் தேனும் ஏற்றப்பட்டிருந்ததையும், அதன்மேல் கருவுற்ற பெண்ணொருத்தி அமர்ந்து சென்றதையும் கூடச் சொன்னார்கள். அத்தனையும் உண்மையாக இருந்தன. அவர்கள் சொன்ன வழியில் சென்று தேடியும் ஒட்டகம் கிடைக்கவில்லை. இவ்வளவு தெரிந்தவர்கள் திருடர்களாகவே இருக்க வேண்டும் என்று அவன் முறையிட்டான். மன்னன் மூவரையும் சிறையில் அடைத்தான்.

பின்னர் வேறொருவன் அவ்வொட்டகத்தை வழியில் கண்டு உரியவனிடம் சேர்த்தான். விடுதலை பெற்ற இளவரசர், ஒட்டகத்தைத் தாம் கண்டதே இல்லை என்று விளக்கினர். பாதையின் ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருந்தது. அதுவும் மறுபக்கத்துப் புல்லினும் தரம் குறைந்தது. ஆகவே அதற்கு ஒரு கண் இல்லை. மென்ற புல் ஒரு பல்லளவுத் துணுக்குகளாக வழியெங்கும் சிதறிக் கிடந்தது. மூன்று குளம்புகளின் சுவடும் ஒரு காலை இழுத்த தடமும் மணலில் இருந்தன. ஒருபுறம் எறும்பு மொய்த்தது வெண்ணெய்க்காக. மறுபுறம் ஈ மொய்த்தது தேனுக்காக. ஒட்டகம் முழந்தாளிட்ட இடத்தில் பெண்ணின் காலடியும், அவள் எழும்போது கையூன்றிய தடமும் இருந்தன. மன்னன் வியந்து அவர்களைத் தன் அவையில் அமர்த்திக்கொண்டான்.

கதையின் அமைப்பு கருதத்தக்கது. நாடு கடத்தப்படுதல், அயல்நாட்டில் ஐயத்துக்கு ஆளாதல், சிறைப்படுதல், சான்றால் விடுதலை பெறுதல் என்னும் நான்கு நிலைகள் அதில் உள்ளன. கூர்ந்து நோக்கும் அறிவு அவர்களைச் சிறைக்கும் அனுப்பியது. பின்னர் அரசவைக்கும் உயர்த்தியது.

வால்போல் ஆக்கிய சொல்

ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், புளோரன்சு நகரில் பிரித்தானியத் தூதராக இருந்த நண்பர் ஹொரேஸ் மானுக்கு 1754 சனவரி 28 ஆம் நாள் ஒரு கடிதம் எழுதினார். மான் அனுப்பிய பியாங்கா கப்பெல்லோ என்னும் சீமாட்டியின் ஓவியத்தைப் பற்றிப் பேசுகையில், அவர் குடும்பச் சின்னம் குறித்த செய்தியொன்று பழைய நூலொன்றில் எதிர்பாராமல் தமக்குக் கிட்டியதை வால்போல் குறிப்பிட்டார். அத்தகைய கண்டுபிடிப்புக்குத் தாமே ஒரு பெயர் சூட்டினார். அதுவே ‘செரண்டிபிட்டி’. தாம் முன்பு படித்த செரந்தீப் இளவரசர் கதையிலிருந்து அதனை ஆக்கியதாகவும், அவ்விளவரசர் தாம் தேடாத பொருள்களைத் தற்செயலாலும் மதிநுட்பத்தாலும் கண்டுகொண்டே சென்றதாகவும் அவர் விளக்கினார். நினைவிலிருந்து எழுதியதால் ஒட்டகம் அவர் கடிதத்தில் கோவேறு கழுதை ஆகிவிட்டது.

வால்போல் தற்செயல், மதிநுட்பம் என்னும் இரண்டையும் சேர்த்தே சொன்னார். ஆனால் இளவரசர் நாடு கடத்தப்பட்டதையும் சிறைப்பட்டதையும் அவர் குறிப்பிடவில்லை. சொல் பிறந்த அன்றே கதையின் துயரப் பகுதி உதிர்ந்துபோயிற்று.

அக்கடிதங்கள் 1833 இல் அச்சான பின்னரும் அச்சொல் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. 1875 இல் எட்வர்டு சோலி என்பவர் ஓர் ஆங்கில இதழில் அதனை மீண்டும் எடுத்துப் பேசினார். இருபதாம் நூற்றாண்டில் அறிவியலார் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1945 இல் வெளியிட்ட தம் நூலில் ஓர் இயலையே அச்சொல்லுக்கு ஒதுக்கினார். 1928 இல் பூஞ்சை படிந்த தட்டொன்றைக் கழுவி எறியாமல் உற்றுநோக்கிப் பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங் இதற்கு நிலையான எடுத்துக்காட்டானார். சமூகவியல் அறிஞர் இராபர்ட் மெர்ட்டன், எலினார் பார்பர் என்பாருடன் சேர்ந்து இவ்வொரு சொல்லின் வரலாற்றையே தனி நூலாக எழுதினார். 1958 இல் எழுதி முடிக்கப்பட்ட அந்நூலின் ஆங்கில மூலம் 2004 இல்தான் வெளிவந்தது. அதற்குள் அச்சொல் பொதுமக்கள் வழக்கில் இனிய தற்செயல் என்னும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. முதலில் நாடுகடத்தல் உதிர்ந்தது. அடுத்து மதிநுட்பமும் உதிர்ந்தது.

தமிழ் சொன்ன கதை

தொலைந்த ஒட்டகத்தின் கதை செரந்தீப் இளவரசர்க்கு மட்டும் உரியதன்று. யூதரின் தால்முதிலும் அதன் வடிவம் உண்டு. 1747 இல் வெளிவந்த பிரெஞ்சு அறிஞர் வால்டேரின் ‘சதிக்’ என்னும் புதினத்தில் ஒட்டகத்துக்கு மாற்றாக நாயும் குதிரையும் வந்தன. தமிழிலும் அது ‘அலகேச கதை’ என்னும் பெயரில் வழங்கியது. பண்டித நடேச சாஸ்திரியார் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1888 இல் வெளியிட்டார்.

அக்கதையில் வழிப்போக்கர் நால்வர். ஒட்டகத்துக்கு ஒரு கால் நொண்டி, வலக்கண் இல்லை, வால் குட்டை, வயிற்றுவலி உண்டு என்று அவர்கள் உரைக்கிறார்கள். இடப்பக்கத்து இலைகள் மட்டும் கடிபட்டிருந்தமை கண்ணின்மையைக் காட்டிற்று. வழியில் சொட்டியிருந்த குருதித் துளிகள், கொசுக்கடியை விரட்ட இயலாத குட்டை வாலைக் காட்டின. முன்னங்கால் சுவடு அழுந்தியும் பின்னங்கால் சுவடு மேலோட்டமாகவும் இருந்தமை வயிற்று நோவைக் காட்டிற்று. அலகாபுரி மன்னன் அவர்களைத் தன் அமைச்சர்களாக்கிக்கொள்கிறான்.

தமிழ்க் கதை அங்கே முடிந்துவிடுவதில்லை. அமைச்சரான பின்னும் அவர்களை ஐயம் தொடர்கிறது. அரசியின் உயிரைக் காக்கப் பாம்பைக் கொன்ற அமைச்சரே தவறாக எண்ணப்பட்டு, கொலைத் தண்டனையின் விளிம்பு வரை செல்கிறார். ஆராயாமல் தண்டித்தலின் தீமையைச் சொல்லும் கிளைக்கதைகள் அடுத்தடுத்து வந்து அவரைக் காக்கின்றன. வியப்பும் வெகுமதியுமாகக் கதையை முடித்துக்கொள்ளத் தமிழ்க் கதைசொல்லிக்கு மனம் வரவில்லை. ஐயத்தை எவ்வாறு கையாள்வது என்பதே அவர் எழுப்பிய வினா.

சிலப்பதிகாரத்தை அறிந்தவர்க்கு இவ்வினா புதியதன்று. புகாரிலிருந்து பிழைப்புத் தேடி மதுரைக்கு வந்த கோவலன் அயலூரான். அவன் கையில் விலையுயர்ந்த சிலம்பு ஒன்று இருந்தது. அதுவே அவனைக் கள்வனாக்கப் போதுமானதாயிற்று. பெகுராம் மன்னன் சிறையிலிட்டு உண்மை வெளிப்படும்வரை உயிரையாவது விட்டுவைத்தான். பாண்டியன் அதுவும் செய்திலன். இளங்கோவடிகள் ஊழ்வினையைத் தம் காப்பியத்தின் மூன்று உண்மைகளுள் ஒன்றாக வைத்தார். ஆயினும் அவர் படைத்த கண்ணகி ஊழ் என்று சொல்லி அமையவில்லை. அரண்மனை வாயிலுக்குச் சென்றாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம், அரசியின் சிலம்பின் பரல் முத்து என்னும் வேறுபாட்டை அவைக்களத்தில் உடைத்துக் காட்டினாள். எறும்பையும் ஈயையும் கொண்டு உண்மை நிறுவிய இளவரசரின் நுண்ணறிவும் கண்ணகியின் நுண்ணறிவும் ஓரினத்தவை. ஊழை நம்பிய காப்பியமே சான்றையும் கேட்டது.

தற்செயலைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள்

தமிழில் தற்செயலைச் சுட்டும் வழக்குகள் பல. ‘தற்செயல்’ என்பது தன், செயல் என்னும் இரு சொற்களின் கூட்டு; எவருடைய முயற்சியும் இன்றித் தானே நிகழ்வது என்னும் கருத்து அதில் நிற்கிறது. ‘அதிர்ஷ்டம்’ வடசொல், காணப்படாதது என்பது அதன் நேர்ப்பொருள். ‘யதேச்சை’ என்பது விருப்பப்படி என்னும் பொருளது. அது இன்று விரும்பாமலே நேர்வதைக் குறிக்கும்படி தலைகீழாகிவிட்டது. வள்ளுவர் ஊழை ஆகூழ் என்றும் போகூழ் என்றும் பிரித்தார். ஆக்கம் தருவதற்கும் அழிவு தருவதற்கும் தனித்தனிச் சொல் வைத்த நுட்பம் அது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்னும் பழமொழி, தொடர்பில்லாத இரு நிகழ்ச்சிகளைக் காரண காரியமாக எண்ணும் மயக்கத்தைச் சுட்டுகிறது. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தாற்போல என்பதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் அங்கே தேடப்பட்டதே கிடைக்கிறது.

இவற்றுள் எதுவும் வால்போல் கருதிய பொருளை முழுமையாகத் தாங்கவில்லை. அதிர்ஷ்டம் காணப்படாதது, வால்போலின் சொல்லோ காண்பதன் மேல் நிற்கிறது. ஒரே பாதையில் இளவரசருக்கு முன்னும் பின்னும் பலர் சென்றிருப்பர். புல்லும் எறும்பும் அவர்கள் கண்ணிலும் பட்டிருக்கும். படுதல் வேறு; காணுதல் வேறு. தற்செயல் என்பது அனைவர்க்கும் பொது; அதனைப் பேறாக்குவது நோக்குடையார்க்கே உரியது.

அத்திரம்பாக்கமும் கும்பகோணமும்

இவ்வுண்மைக்குச் சான்று தேட இலண்டனுக்குப் போக வேண்டியதில்லை. இந்திய நிலப்பொதியியல் துறையில் 1858 இல் பணியேற்ற இராபர்ட் புரூஸ் பூட், பாறைகளையும் மண்ணடுக்குகளையும் ஆராய்ந்து வரைபடம் வரைவதற்காகச் சென்னைப் பகுதியில் சுற்றிவந்தார். 1863 மே 30 ஆம் நாள் பல்லாவரத்தில், சரளைக்கல் தோண்டிய குழியொன்றில் கிடந்த கல்லொன்று அவர் கையில் கிட்டியது. அது மனிதன் செதுக்கிய கருவி என்று உணர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 28 ஆம் நாள் அவரும் வில்லியம் கிங்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில், கொசஸ்தலை ஆற்றுக்குச் சேரும் ஓடைக்கரையில், அத்தகைய கருவிகளை மிகுதியாகக் கண்டனர்.

பூட் தேடியது பாறை. கிடைத்தது மனித வரலாறு. ஆயினும் அதனைக் குருட்டுத்தனமான வாய்ப்பு என்று கூறுதல் பொருந்தாது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் பழங்கற்கருவிகள் மெய்யானவையே என்று அறிஞர் 1859 இல் ஏற்றுக்கொண்ட செய்தி அவரை எட்டியிருந்தது. குழியைத் தோண்டிய கூலியாள் எத்தனையோ பேர் அக்கல்லை மிதித்திருக்கக்கூடும். அதற்குரிய கல்வி வாய்த்த கண்ணுக்கே அது கருவியாகத் தெரிந்தது. 1999 முதல் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அங்கே நடத்திய அகழாய்வுகள் அதன் பழமையை வியத்தகு அளவுக்குக் கொண்டு சென்றன. அங்குள்ள தொல்பழங்கால மனிதரின் கைக்கோடரிப் பண்பாடு சுமார் 15 இலட்சம் ஆண்டுப் பழமையது என்று 2011 இல் அறிவிக்கப்பட்டது. அடுத்த கட்டமான இடைப் பழங்கற்கால நுட்பம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே தோன்றிவிட்டது என்று 2018 இல் வெளியான ஆய்வு நிறுவியது.

தமிழிலக்கிய வரலாறும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்றினால் திசை மாறியது. 1880 அக்டோபர் 21 ஆம் நாள் உ.வே. சாமிநாதையர், கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அவர் அடுக்கிச் சொல்ல, முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். ஓர் அலுவலரின் பணி மாற்றம் தற்செயல். அவ்வினாவால் தம் கல்வியின் குறையைக் கண்டு, ஏட்டுச் சுவடியைப் பெற்று, ஏழாண்டு உழைத்து 1887 இல் சிந்தாமணியை அச்சிட்டது தற்செயல் அன்று. அதே 1887 இல் கலித்தொகையை அச்சில் கொணர்ந்தவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை. செல்லரித்த ஏடுகளிலிருந்து நூலைக் காத்தெடுத்த அவரைச் செரந்தீப்பின் மெய்யான இளவரசர் என்று போற்றினாலும் தகும்.

கும்மிடிப்பூண்டியில் செரந்தீப்

அத்திரம்பாக்கம் இருக்கும் அதே மாவட்டத்தில், சிப்காட் தொழில் வளாகத்தின் இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் புகைவிடும் கும்மிடிப்பூண்டியில், செரந்தீப்பிலிருந்து வந்த மக்களே வாழ்கிறார்கள். 1983 சூலையில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர்மேல் நிகழ்த்தப்பட்ட வன்கொடுமைக்குப் பின் தமிழகக் கரைக்கு ஏதிலியர் வரத் தொடங்கினர். 1990 சூனில் போர் மீண்டும் மூண்டபோது மற்றோர் அலை வந்தது. தமிழகமெங்கும் முகாம்கள் அமைக்கப்பட்டன. திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் அமைந்தவை அவற்றுள் பெரியவை. 2021 இல் தமிழக அரசு அவற்றின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. அவ்வாண்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர்.

கதையின் நான்கு நிலைகளையும் அம்மக்கள் வாழ்வோடு ஒப்பிடுதல் பொருந்தும். நாடு நீங்கினர், ஆனால் கதையில் தந்தையின் சினம் பொய்ச்சினம், இங்கே அது மெய்யானது. ஐயத்துக்கு ஆளாயினர், 1991 மே 21 இல் திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த படுகொலைக்குப் பின், அக்குற்றத்தோடு எத்தொடர்பும் அற்ற முகாம் மக்களும் கண்காணிப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ளாயினர். சிறப்பு முகாம் என்னும் பெயரில் அடைப்பும் இருந்தது. நான்காவது நிலையாகிய விடுதலை முழுமையாக வந்து சேரவில்லை. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கே வழி செய்தது. இலங்கை அதில் இடம்பெறவில்லை. முகாமிலேயே பிறந்து வளர்ந்த இளைஞருள் பெரும்பாலோர்க்குப் பிறந்த மண் குடியுரிமையைத் தரவில்லை.

இவற்றுள் எது தற்செயல்? 1948 இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைக் கணக்கிட்டுப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்க்கலாம் என்று நிறுத்தி வைத்தது. 1981 சூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததும் ஏடுகள் தாமே தீப்பற்றிக்கொண்டதால் அன்று. ஒவ்வொன்றுக்கும் நாள் உண்டு, ஆணை உண்டு, கையொப்பம் உண்டு, கை உண்டு. மேயப்பட்ட புல்லைப் போலவும் மணலில் இழுபட்ட காலைப் போலவும் அவை வரலாற்றின் பாதையில் சுவடுகளாகக் கிடக்கின்றன.

ஏதிலியர் வாழ்வைப் பாடும் தமிழ்க் கவிதைகளில் ‘விதி’ என்னும் சொல் எளிதாக வந்து விழுகிறது. இரக்கத்தால் வரும் சொல்தான். ஆயினும் அது காரணங்களை மூடிவிடுகிறது. பனம்பழம் தானாக விழுந்தது என்று கூறுவோர் மரத்தை உலுக்கியவனைத் தப்பவிடுகிறார்கள். காரணம் உள்ளவற்றுக்குத் தற்செயலின் பெயரைச் சூட்டுவது நோக்கின் தோல்வி. வால்போல் போற்றிய மதிநுட்பத்துக்கு நேர்மாறானது அது.

சொல் மீட்கப்படுதல்

‘செரண்டிபிட்டி’க்கு நேரான தமிழ்ச்சொல் ஆக்க விழைவோர் பலர். ‘எதிர்பாராப் பேறு’, ‘தற்செயல் கண்டுபிடிப்பு’ என்றெல்லாம் எழுதுகின்றனர். அவை வாய்ப்பைக் குறிக்கின்றன; நோக்கைக் குறிக்கவில்லை. ‘தேடாத் தெளிவு’ என்பது ஓரளவு பொருந்தக்கூடும். தேடாமை தற்செயலையும், தெளிவு மதிநுட்பத்தையும் தாங்கும். இதனினும் சிறந்த சொல்லைக் கவிஞர்களே படைத்தல் இயலும். கவிதைத் தொழிலே இவ்வகைத் தெளிவை நம்பி நடப்பது. எதுகைக்குத் தேடிய சொல் கருத்தையே மாற்றி உயர்த்திய பட்டறிவு பாப்புனைவோர் எவர்க்கும் உண்டு.

எச்சொல் ஆக்கினும் அச்சொல்லுக்குள் மூல கதையின் முழுமையும் இருத்தல் வேண்டும். செரந்தீப்பின் இளவரசர் இன்பச் சுற்றுலா சென்றவர் அல்லர். நாடு இழந்து அயல் மண்ணில் நடந்தவர்கள். அறிவுடையோராய் இருந்தமையாலேயே ஐயுறப்பட்டவர்கள். தொலைந்த ஒட்டகம் திரும்பி வந்ததால் அவர்கள் விடுதலை பெற்றார்கள். கும்மிடிப்பூண்டியின் உருட்டாலைகளில் நாட்கூலிக்குச் செல்வோருக்கும், வண்ணப்பூச்சு வேலைக்கு ஏணி சுமந்து செல்வோருக்கும், முகாமிலிருந்து கல்லூரிக்குச் சென்று பட்டம் பெற்றும் நாடு எது என்னும் கட்டத்தை நிரப்ப இயலாத மாணவர்க்கும் அவ்வொட்டகம் இன்னும் திரும்பவில்லை. அதன் சுவடுகளோ தெளிவாக இருக்கின்றன. அவற்றைப் படித்துச் சொல்வது தமிழ் கற்றோர் கடமை.